கஞ்சி கேட்கும் முறை

காலை பதினொன்று இருபது. தென்கடல் சரக்குக் கழகத்தின் உணவகத்தில் அந்த நேரத்தில்தான் சோறு வடிப்பார்கள்.

பால்துரை சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றார். கழகத்தில் விஞ்சு என்னும் பளுதூக்கி ஓட்டுபவர். பதினோரு வருடமாக உப்பு மூட்டைகளைக் கரையிலிருந்து தூக்கிக் கப்பலுக்குள் இறக்கியவர். ஆறு வாரத்துக்கு முன் வயிற்றுப் புண் பொத்துக்கொண்டதால் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். கழக மருந்தகத்தின் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணெய் கூடாது, உறைப்பு கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சி.

மார்ச் முப்பதாம் தேதி மருத்துவக் குழு கூடும். அன்று அவர் ஐம்பது கிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லாதவர். டம்ளரோடு நின்ற இந்த நாள் பிப்ரவரி இருபத்துமூன்று. அவர் நாற்பத்தெட்டு கிலோ இருந்தார்.

வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவர முடியாது. முந்தின வருடம் ஒருவன் சாம்பார்த் தூக்குக்குள் நான்கு வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களை வைத்துக் கடத்தினான். அதிலிருந்து திரவம் எதுவும் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. கைக்கடிகாரம் நிற்கவில்லை. சாம்பார் நின்றது. திரேஸ்புரத்தில் இருந்த வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வர, அரைமணி இடைவேளை பஸ்ஸுக்கே போதாது.

"தாயி, அந்தக் கஞ்சில ஒரு டம்ளர் ஊத்து."

சுடலைமாடத்தி அண்டாவைச் சரித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு என்ன அண்ணாச்சி, ரெண்டாக் குடிங்க. உடம்பு ஓலையாப் போச்சே. ஒரு கல்லு உப்பு போடட்டா?"

உப்பைப் போட்டுக் கலக்கினாள். பால்துரை ஊதினார். உதடு படுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை டம்ளரை எடுத்துக்கொண்டது.

காசிலிங்கம். உணவக மேற்பார்வையாளர். வெள்ளைச் சட்டை. கழுத்தைத் திருப்பினால் காலர் திரும்பாது. அவ்வளவு விறைப்பு.

"இது என்னது?"

"கஞ்சி சார்."

"பட்டியல்ல எங்க இருக்கு?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் ஒன்பது உணவுகள். பூரி, பரோட்டா சால்னா, புளிச்சோறு, மீன்குழம்புச் சாப்பாடு, கீரை வடை, காரச் சேவு, மிளகாய் பஜ்ஜி, தேநீர், கருப்பட்டிக் காப்பி. இட்லியும் இருந்தது. கிரைண்டர் பழுதான நாளிலிருந்து அதன்மேல் ஒரு கோடு இருந்தது. சாப்பாட்டுக்குக் குழம்பு ஊற்றித்தான் தருவார்கள். வெறும் சோறு கேட்டால் அதுவும் பட்டியலில் இல்லாததுதான்.

"டாக்டர் சீட்டு இருக்கு சார். கீழ ஊத்தப்போறதுதான..."

"கீழ ஊத்தப்போறதுன்னு யாரு சொன்னா? இது சலவைப் பிரிவுக்குப் போவுது. ஆபீஸர்மாரு சட்டைக்குக் கஞ்சி போட. நீரு கேக்கது சாப்பாடு இல்ல, சலவைப் பொருள். ஆடிட்காரன் கேட்டா நான் என்ன எழுத? சட்டை ஒரு டம்ளர் அதிகமாக் குடிச்சிட்டுன்னா?"

அவர் டம்ளரில் இருந்ததைச் சலவை வாளியில் ஊற்றினார். உப்புப் போட்டது என்று தெரிந்ததும் வாளி முழுவதையும் சாக்கடையில் கொட்டச் சொன்னார்.

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சுற்றறிக்கை எண் பதினான்கு. பட்டியலில் இல்லாத உணவைக் கோருவோர் ஒழுகவேண்டிய முறைகள். நின்றுகொண்டே வாசித்தார். கோருபவர் பரிமாறும் ஜன்னலுக்கு வரக்கூடாது, பக்க ஜன்னலில் நிற்க வேண்டும். கோரும் உணவின் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது, மற்றவர்களுக்கும் ஆசை உண்டாகும். பட்டியலில் உள்ள உணவுகளைக் குறைத்துப் பேசக் கூடாது. கோரிக்கை மறுக்கப்பட்டால் நன்றி சொல்லி விலக வேண்டும்.

மடித்து வைத்துவிட்டு பால்துரையைப் பார்த்தார். பால்துரைக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

"நன்றி சார்."

"இப்பச் சொன்னீரே, இது முறை."

பக்க ஜன்னல் உணவகம் கட்டிய நாளிலிருந்து திறக்கப்படவில்லை. அதன் பின்னால் வெங்காய மூட்டை அடுக்கியிருந்தது. பால்துரை மறுநாள் அதன் முன்னால் இடைவேளை முழுவதும் நின்றார். அடுத்த நாளும் நின்றார். மூன்றாம் நாள் காசிலிங்கம் வந்தார்.

"தட்டாம, கூப்பிடாம நிக்கீரு. ரொம்பச் சந்தோஷம். இப்படி ஒரு தொழிலாளியத்தான் சுற்றறிக்கை எதிர்பாக்கு." ஒரு படிவம் கொடுத்தார். மூன்று பிரதி.

ஆறாவது கேள்வி: பட்டியலில் உள்ள உணவுகள் ஏன் போதாது? பால்துரை, வயிற்றுப் புண் என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நிரூபிக்கப்படவில்லை. மனுதாரர் ஒன்பது உணவுகளையும் நாளுக்கு ஒன்றாக உண்டு, மேற்பார்வையாளர் முன்னிலையில் விளைவைப் பதிவு செய்யவும்.

வீட்டில் அதை வாசித்துக் காட்டினார். மனைவி செல்லக்கிளி மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

"ஒம்பதையும் திங்கணுமா? எந்த எடுபட்ட பய எழுதினான்?"

"சர்க்குலர்ல இருக்கு."

"சர்க்குலருக்கு வயிறு இருக்கா? தையல் போட்ட எடத்துல மொளகா பஜ்ஜியா? நான் வந்து கேக்கேன் அவனுவள."

"வேலை பாக்காத பொம்பளையாளுக்கு உள்ள பாஸ் கெடையாது."

"சங்கத்துல சொல்லுங்க."

"சங்கத்துச் செயலாளர் ஜெயில்ல இருக்காருட்டி. எமர்ஜென்சி. யாருட்டப் போய்ச் சொல்ல?"

அவள் மறுபடி அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். "நீங்க திங்காதீங்க. அதத் திங்கதுக்குப் பதிலா வேலை போனாப் போகட்டும்."

"போனா? விஞ்சு லீவர் தவிர இந்தக் கைக்கு என்ன தெரியும்? நாலு உசுரு இருக்கு வீட்டுல." அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். "ஒம்பது நாளுதான. கண்ண மூடிக்கிட்டுத் திங்க வேண்டியதுதான்."

முதல் நாள் பூரி. காசிலிங்கம் எதிரே பதிவேட்டோடு உட்கார்ந்தார்.

"என்ன செய்யுது?"

"எரியுது சார்."

"எரிச்சல்ங்கது ஒரு அபிப்பிராயம். கண்ணுல பாக்கமாதிரி ஏதாவது?"

இரண்டாம் நாள் பரோட்டா. வியர்த்தது. மார்ச் மாதத்தில் எல்லோருக்கும் வியர்க்கும் என்று பதிவானது. மூன்றாம் நாள் புளிச்சோறு. பால்துரை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி மதில் ஓரத்தில் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தபோது காசிலிங்கம் பேனாவை மூடியிருந்தார்.

"வெளிய எடுத்தது சுகாதாரப் பிரிவுக்குள்ள வருது. என் பதிவேட்டுல வராது. நாளைக்குத் திருப்பிப் புளிச்சோறு."

"உள்ளேயே எடுக்கவா சார்?"

"உள்ள எடுத்தா அபராதம்."

நான்காம் நாள் மறுபடியும் புளிச்சோறு. பால்துரை உள்ளேயே எடுத்தார். அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் முதல் தடவையாக ஒரு விளைவு ஏறியது. அன்று மாலை அவர் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தார்.

எட்டாம் நாள் மிளகாய் பஜ்ஜி. இரண்டாவது பஜ்ஜியில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து வந்தது சிவப்பாக இருந்தது. காசிலிங்கம் முதலில் பதிவேட்டை நகர்த்தினார். பிறகு, "தண்ணி கொண்டாங்கல" என்றார். பிறகு எழுதினார். விளைவு ஐயத்துக்கு இடமின்றி உறுதி.

சுடலைமாடத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வடிக்கும்போது ஒரு செம்பு கஞ்சியை விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பால்துரை இரண்டு மடக்குக் குடித்திருப்பார், அதற்குள் காசிலிங்கம் வந்துவிட்டார்.

"ஏளா! என்ன காரியம் செஞ்சிருக்க?"

"நாயி குடிச்சாக்கூட வெரட்ட மாட்டமே சார். மனுசன் குடிக்காரு."

"நாய்க்குப் படிவம் கிடையாது. இவருக்கு உண்டு. மனு நிலுவையில இருக்கும்போதே குடிச்சா மனுவுக்கு என்ன மரியாதை?"

அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கழகச் சலவைப் பொருளை மனித உபயோகத்துக்குத் திருப்பிவிட்டது குற்றம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பால்துரைதான் வாசித்துக் காட்டினார். இரண்டு நாளில் ஒரு பாதுகாப்பு உத்தரவும் வந்தது. இனிமேல் கஞ்சியை வடித்த கையோடு அதில் சலவை நீலம் கலக்க வேண்டும். அதையும் அவளே கலக்க வேண்டும். கலந்துவிட்டு, நீலக் கையோடு வெளியே வந்து பால்துரையைப் பார்க்காமல் போனாள்.

மார்ச் பதினெட்டாம் தேதி, மனுவைத் தீர்மானிக்கும் உணவுக் குழு கூடியது. மனுதாரர் நேரில் வர வேண்டும். பால்துரை அப்போது நாற்பத்தைந்து கிலோ.

கூட்டம் அதிகாரிகள் உணவறையில். மின்விசிறிக்குக் கீழே ஐந்து பேர். ஐந்து வெள்ளைச் சட்டைகள். ஐந்தும் நிமிர்ந்து நின்றன. திரேஸ்புரத்திலிருந்து காலையில் வந்த சீலாமீன் வறுத்திருந்தது. நண்டு இருந்தது. ஒருவர் முட்டைக்குள் கொத்துக்கறி வைக்க முடியுமா என்று கேட்டார். சமையல்காரர் முடியும் என்றார். இன்னொருவர் அதையே வாழையிலையில் சுற்றி வேண்டும் என்றார். அதற்கும் முடியும் என்றார். பால்துரை சுவரைப் பார்த்தார். நான்கு சுவரிலும் பலகை இல்லை.

"என்ன தேடுறீங்க?" என்றார் துணைப் பொது மேலாளர் செந்தூர்பாண்டி. குழுவின் தலைவர்.

"பட்டியல் சார்."

செந்தூர்பாண்டி நண்டுக் காலைத் தட்டில் வைத்தார். கோபப்படவில்லை. அவர் தொழிலாளர்களோடு கோபப்படுவதில்லை.

"நல்ல கேள்வி. இங்கே பட்டியல் வைப்பதில்லை. பட்டியலே இல்லாத இடத்தில் பட்டியலில் இல்லாத உணவு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? ஆகவேதான் இந்த அறையில் இதுவரை ஒரு விதிமீறல்கூட நடந்ததில்லை. உங்கள் உணவகத்தில் மாதத்துக்கு நான்கு நடக்கிறது. ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்."

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். காலர்கள் அசையவில்லை.

"நானும் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான். தாமிரவருணிக் கரையில். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த நன்றியினால்தான் சொல்கிறேன், கஞ்சி யாருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது. சுலபமாகக் கிடைத்தால் அதை மதிக்க மாட்டீர்கள். இன்று உங்களுக்குக் கஞ்சி கொடுத்தால் நாளைக்கு ஒருவர் ரசம் கேட்பார். மறுநாள் ஒருவர் கிரைண்டரை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பார். எங்கே போய் நிற்கும்? கேட்பது தவறில்லை. கேட்டால் கிடைக்கும் என்று நினைப்பதுதான் தவறு."

"எனக்கு முப்பதாந் தேதி எடை பாப்பாங்க சார். அதுக்குள்ள கெடச்சா..."

"அவசரம். பாருங்கள், இதுதான் வயிற்றுப் புண்ணுக்கே காரணம்."

சிரித்தார்கள். பால்துரையும் சிரிக்கலாமா என்று யோசித்தார். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

குழு இரக்கத்தோடு முடிவு செய்தது. கஞ்சி பத்தாம் எண் உணவாகக் கொள்கையளவில் ஏற்கப்பட்டது. சலவைக் கஞ்சியைத் தொடக் கூடாது, சட்டைகள் பாதிக்கப்படும். ஆகவே பத்தாம் எண்ணுக்கென்று தனியாக அரிசி பொங்கி வடிக்க வேண்டும். அனுமதி கஞ்சிக்கு மட்டும்தான், சோற்றுக்கு இல்லை. ஆகவே வடித்தபின் அந்தச் சோற்றைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். ஒரு கிலோ அரிசி தினமும். மருத்துவச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும். அப்படிப்பட்டவர் கழகத்தில் ஒருவர் இருந்தார்.

கொடுப்பதற்கு முன் தரம் பார்க்க வேண்டும். குழு மூன்று நாள் கஞ்சியைக் குடித்துப் பார்த்தது. முதல் நாள் உப்புப் போதவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் சின்ன வெங்காயம் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் கருவாடும் தேங்காய்த் துவையலும் சேர்ந்தன. இன்னும் இரண்டு அமர்வு வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மாதிரி தீர்ந்துவிட்டதால் பால்துரைக்கு மாதிரி இல்லை. அவர் வாசலில் நின்றார். கஞ்சி நன்றாக இருக்கிறது என்று செந்தூர்பாண்டி அவரிடம் வந்து சொன்னார்.

"உங்களுக்குப் பிடிக்கும்."

தொடக்க விழாவுக்குச் சென்னையிலிருந்து கழகத் தலைவர் வருவார். அவருக்கு ஏப்ரல் இரண்டாம் தேதிதான் தோதுப்பட்டது.

மார்ச் முப்பது, செவ்வாய்க்கிழமை, பால்துரை தராசில் ஏறினார். நாற்பத்துமூன்று. சீட்டு எழுதிக் கொடுத்த அதே டாக்டர்தான் மருத்துவக் குழுவிலும் இருந்தார்.

"நான் சொன்ன மாதிரி கஞ்சி குடித்தீர்களா?"

"ரெண்டு மடக்கு குடிச்சேன் சார். அதுக்கு மேல குடுக்கல."

"ஐந்து வாரத்தில் இரண்டு மடக்கா?"

"கேட்டேன் சார். முறைப்படிதான் கேட்டேன்."

டாக்டர் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். குழுவின் மற்ற இருவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எழுதினார். மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாதவர். தகுதியிழப்பு.

அன்று மாலை வாசலில் அவருடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் தேதி காலையில் கழகத்து ஆள் ஒருவன் சைக்கிளில் திரேஸ்புரத்துக்கு வந்தான். கையில் அழைப்பிதழ். அதில் அச்சாகியிருந்தது. பத்தாம் எண் உணவின் முதல் பயனாளி: திரு. பால்துரை, விஞ்சு ஓட்டுநர்.

"நான் இப்ப விஞ்சு ஓட்டுநர் இல்லையேல."

"அச்சடிச்சாச்சு அண்ணாச்சி. நீங்க வரலேன்னா வேற ஆளுக்குப் புண்ணு வந்து, சீட்டு எழுதி, குழு கூடி... இன்னைக்குள்ள முடியுமா? ரெண்டு மணி நேரத்துக்கு விசிட்டர் பாஸ் போட்டிருக்கு."

செல்லக்கிளி அழைப்பிதழைப் பிடுங்கினாள். "போகாதீங்க. உங்களக் காட்டி அவனுவ மாலை போட்டுக்கிடப் போறானுவ."

"மெட்ராஸ்ல இருந்து பெரியவரு வாராராம்ளா. நேருல கேட்டா ஒருவேளை..."

"கேட்டுக் கேட்டுத்தான் அஞ்சு கிலோ போச்சு."

அவர் போனார்.

உணவகத்தின் முன்னால் பந்தல். கஞ்சி அண்டாவுக்கு மாலை. பலகையில் பத்தாவது வரி புதிதாக எழுதி, அதன்மேல் மஞ்சள் துணி. தொழிலாளர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். கைதட்ட வேண்டிய இடங்கள் அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தன. சுடலைமாடத்தி சமையலறையில் இல்லை. விசாரணை முடியும்வரை அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். வடித்த சோற்றைக் கூடையில் எடுத்துக் குழிக்குக் கொண்டுபோனது அவள்தான். பந்தலைச் சுற்றிப் போகச் சொல்லியிருந்தார்கள். அவள் நடுவில் நடந்துபோனாள். சோறு ஆவி பறந்தது. வரிசையில் நின்றவர்கள் கூடையையே பார்த்தார்கள்.  சுண்ணாம்பு தூவும் சத்தம் மேடை வரை கேட்டது.

செந்தூர்பாண்டி பேசினார். "ஒரு சாதாரணத் தொழிலாளி. ஒரு சாதாரண ஆசை. அதற்காக இந்தக் கழகம் ஐந்து வாரம் உழைத்தது. நாற்பத்தோரு கோப்புக் குறிப்புகள். இத்தனை பேர் கையெழுத்திட்டு ஒரு டம்ளர் கஞ்சி வேறு எந்த நாட்டிலாவது கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். சும்மா ஊற்றியிருப்பார்கள்."

கைதட்டல்.

மேடையில் இருந்த எட்டுப் பேரும் முதலில் குடித்தார்கள். துவையல் தனித்தட்டில் வந்தது. தலைவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். பிறகு காசிலிங்கம் பால்துரையின் காதருகே குனிந்தார்.

"மைக்ல நன்றி சொல்லணும். ரெண்டு நிமிசம். கஞ்சின்னு பேரச் சொல்லாதேயும். பத்தாம் எண்ணுன்னு சொல்லும். அப்புறம் போட்டோ. டம்ளர வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு கேமராவப் பாக்கணும்."

டம்ளரைக் கையில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.  புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடினார். பால்துரை மைக் முன்னால் நின்றார். நன்றி சொல்லவில்லை. குடிக்கவும் இல்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் வரிசை நின்றது.

"குடிங்க, குடிங்க. உங்களுக்காகத்தானே இவ்வளவும்" என்றார் தலைவர்.

"குடிக்கேன் ஐயா. எனக்குப் போட்ட பாஸ் பன்னெண்டு மணியோட முடியுது. நாளைக்குக் கஞ்சி குடிக்க நான் எந்தக் கேட்டு வழியா உள்ள வரணும்?"